பெயருக்கு வளரும் பரியும் பரிக்கு வளரும் பெயரும்: இலக்கியக் குதிரைகள் குறித்த ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

குதிரைக்கு இடும் பெயரே அதன் இயல்பை உருவாக்கும் என்னும் நம்பிக்கை குதிரை வளர்ப்போரிடையே உண்டு. மின்னல் என்று அழைக்கப்படும் குட்டி விரையும். புயல் என்று அழைக்கப்படுவது அடங்க மறுக்கும். மெல்லிய பெயர் பெற்றது சாதுவாக வளரும். இதனை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் இதே நம்பிக்கை இலக்கியத் திறனாய்விலும் வேறு கோலத்தில் உலவுகிறது. பாத்திரத்தின் பெயரைப் பகுத்துப் பொருள் கண்டு, அப்பொருளையே அப்பாத்திரத்தின் ஊழாகக் கொள்ளும் வாசிப்பு தமிழாய்விலும் பிறமொழி ஆய்விலும் மிகுதியாகக் காணப்படுகிறது. லாயத்தில் வழங்கும் நம்பிக்கைக்கும் நூலகத்தில் வழங்கும் இவ்வாசிப்புக்கும் அடிப்படை ஒன்றே: பெயர் முன்னே செல்லும், உயிர் அதன் பின்னே வளரும் என்பது.

இக்கருத்தைச் சோதிக்கக் குதிரை ஏற்ற பாத்திரமாகும். மனிதன் தன் பெயரின் பொருளை அறிவான். அதற்கேற்ப வாழவோ அதனை மீறவோ முயலக் கூடும். குதிரைக்குப் பெயர் ஓர் ஓசை மட்டுமே. எனவே ஒரு குதிரை தன் பெயருக்கேற்ப வளர்ந்ததாக ஓர் இலக்கியம் காட்டுமாயின், அந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். சங்க இலக்கியம், நிகண்டுகள், தேசிங்குராசன் கதை, திருவிளையாடற் புராணம் ஆகிய தமிழ்ச் சான்றுகளையும் செர்வாந்தேஸ், தல்ஸ்தோய் ஆகியோரின் படைப்புகளையும் இக்கட்டுரை இக்கேள்வியோடு அணுகுகிறது. பெயர் குதிரையைப் பற்றிய முன்னறிவிப்பன்று; பெயரிட்டவரைப் பற்றிய சான்று என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

1. இடுகுறியும் காரணமும்

பெயர் பொருளோடு எவ்வாறு இணைகிறது என்பதைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளது. பொருள் குறியாத சொல் இல்லை என்று கூறும் தொல்காப்பியம், அப்பொருள் அமைந்த காரணம் பார்த்த அளவில் புலப்படாது என்றும் எச்சரிக்கிறது. நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகையாக்குகிறது. காரணப்பெயரில் பொருளின் தன்மை முன்னும் பெயர் பின்னும் வருகின்றன. இடுகுறிப்பெயரில் காரணம் கருதப்படுவதில்லை; முன்னோர் இட்டதே குறியாகிறது.

குதிரை தன் பெயருக்கேற்ப வளரும் என்னும் கூற்று இவ்விரண்டிலும் அடங்காது. பெயர் முன்னரும் தன்மை பின்னரும் வருவதாகக் கூறும் மூன்றாவது வகையை அது கோருகிறது. காரணத்தை விளைவாகவும் விளைவைக் காரணமாகவும் மாற்றிவைக்கும் இவ்வகைக்கு இலக்கண நூல்கள் இடமளிக்கவில்லை. நம்பிக்கை இடமளிக்கிறது, ஏனெனில் பெயரிடுவோர் பெரும்பாலும் வாழ்த்துகின்றனர். வாழ்த்தை வரலாறாகக் கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2. பந்தயக் களத்தின் சான்று

இலக்கியத்துக்குள் செல்லும் முன் உண்மையில் ஓடிய இரு குதிரைகளை நோக்கலாம். 1764 ஏப்ரல் 1 அன்று சூரிய கிரகணத்தின்போது இங்கிலாந்தில் பிறந்த குட்டிக்குக் கிரகணம் எனப் பொருள்படும் எக்லிப்ஸ் என்னும் பெயர் இடப்பட்டது. அது வளர்ந்து, ஓடிய 18 பந்தயங்களிலும் தோல்வி காணவில்லை. பிற குதிரைகளின் ஒளியை மறைத்த கிரகணம் என்று பின்வந்தோர் அதனை வியந்தனர். பெயருக்கேற்ற வளர்ச்சி என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆயினும் அப்பெயர் வந்தது பிறந்த நாளின் வானத்திலிருந்து. வெற்றியைப் பற்றிய எந்தக் குறிப்பும் அதில் அப்போது இல்லை. வெற்றிகள் குவிந்த பின்னரே கிரகணம் என்னும் சொல் மற்றவரை மறைப்பது என்னும் பொருளை அக்குதிரையிடத்துப் பெற்றது.

அந்த எக்லிப்ஸுக்கு 1773இல் பிறந்த ஒரு குட்டிக்கு உருளைக்கிழங்குகள் எனப் பொருள்படும் பொட்டேட்டோஸ் என்பது பெயர். அப்பெயரை எழுதப் பணிக்கப்பட்ட லாயச் சிறுவன் முதல் மூன்று எழுத்துகளை எழுதி, அவற்றின் பின் ஓகார ஒலிக்குரிய ஆங்கில எழுத்தை எட்டு முறை இட்டான் என்றும், உரிமையாளர் அதைக் கண்டு மகிழ்ந்து அவ்வாறே நிலைக்கச் செய்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நகைப்புக்குரிய பெயரும் பிழையான எழுத்துக்கூட்டலும் கொண்ட அக்குதிரை 30க்கு மேற்பட்ட பந்தயங்களில் வென்றது. பந்தயக் குதிரைகளின் தந்தைவழி மரபில் தலைமையான மூதாதையருள் ஒன்றாகவும் ஆயிற்று. கிரகணம் கிரகணமாக வளர்ந்தது என்போர், கிழங்கு கிழங்காக வளராமையை விளக்க வேண்டும்.

பொருந்திய பெயர்கள் நினைவில் நிற்கின்றன. பொருந்தாதவை குலமுறை ஏடுகளில் உறங்குகின்றன. மின்னல் என்னும் பெயரோடு கடைசியாக வந்த குதிரையை எவரும் எடுத்துக்காட்டாகக் கூறுவதில்லை. நம்பிக்கை நிலைத்திருப்பது இந்த மறதியினால்தான்.

இந்நம்பிக்கைக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. பெயர் குதிரையை மாற்றாவிடினும் குதிரையைக் கையாளும் மனிதரை மாற்றும். புயல் என்று கேட்டவன் கடிவாளத்தை இறுக்குவான். இறுக்கிய கடிவாளம் குதிரையை வெருட்டும். வெருண்ட குதிரை புயலாகும். இவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் இதனை ஏற்ற அளவிலேயே கேள்வி இடம் மாறிவிடுகிறது. இங்குச் செயற்படுவது பெயரன்று. கடிவாளம் பிடித்த கை. அந்தக் கையைத் தேடுவதே இனி வரும் பகுதிகளின் நோக்கமாகும்.

3. காரியும் ஓரியும்

சங்க இலக்கியத்தில் பெயர் பெற்ற குதிரைகளுள் முதன்மையானவை இரண்டு. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் வள்ளல்கள் எழுவரைக் கூறுமிடத்து, காரி என்னும் குதிரையையுடைய காரியோடு ஓரி என்னும் குதிரையையுடைய ஓரி போரிட்டமையைக் குறிப்பிடுகிறார். முன்னவன் மலையமான் திருமுடிக்காரி. பின்னவன் கொல்லி மலைக்குரிய வல்வில் ஓரி. ஏறியவனுக்கும் ஏறப்பட்டதற்கும் ஒரே பெயர்.

காரி என்பது கருமையைக் குறிப்பது. குதிரையின் நிறத்தைக் கண்டு இட்டதாகக் கொள்ளத்தக்கது. ஓரி என்பதற்குக் குதிரையின் பிடரி மயிர் என்னும் பொருள் உண்டு. இரண்டும் உடலிலிருந்து பிறந்த காரணப்பெயர்கள். கருமையாக வளர வேண்டும் என்று காரிக்கு எவரும் பெயரிட்டிருக்க முடியாது. கருமை கண்ணுக்குத் தெரிந்த பின்னரே அப்பெயர் எழும். எனவே இங்குக் குதிரை பெயருக்கு வளரவில்லை. குதிரையிலிருந்து பெயர் வளர்ந்தது.

அப்பெயர் மனிதனுக்கும் உரியதாக நிற்பதே ஆழ்ந்து நோக்கத்தக்கது. குதிரையால் மனிதன் பெயர் பெற்றானா, மனிதனால் குதிரை பெயர் பெற்றதா என்பதைப் பாடல் கூறவில்லை; கூற வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. காரி என்னும் பெயர் மலையமானுக்கு மட்டும் உரியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் என்னும் புலவர் பெயரிலும் அச்சொல் உண்டு. பாடல் நாடுவது ஒருமையை: போர்க்களத்தில் வீரனையும் பரியையும் பிரித்தறிய இயலாத நிலையை ஒரே சொல்லை இருவர்க்கும் வழங்கிக் காட்டுகிறது.

இதே பாடல் காரியைப் போற்றும் காரணமும் நினைக்கத்தக்கது. மணி ஒலிக்கும் குதிரைகளை இரவலர்க்கு வழங்கியவன் என்பதே அவன் புகழ். குதிரையின் பெயரைத் தன் பெயராகக் கொண்டவன் குதிரைகளைக் கொடுத்தே பெயர் பெற்றான். கருமை என்னும் சொற்பொருளிலிருந்து இக்கொடையை எவ்வகையாலும் வருவிக்க இயலாது. காரி சேரர்க்காக ஓரியைக் கொன்று கொல்லியை அவர்க்கு அளித்தமையை அகநானூறு கூறுகிறது. ஓரி என்னும் சொல்லிலும் அச்சாவுக்கு எக்குறிப்பும் இல்லை. அச்சொல் பிடரி மயிரையும், நரியையும், முதிர்ந்த தேனில் தோன்றும் நீல நிறத்தையும் குறிக்கும். பெயரிலிருந்து ஊழைப் படிக்க முனைபவர் இம்மூன்றனுள் எதனைத் தேர்வார்? எதைத் தேர்ந்தாலும் அது ஓரியின் ஊழாகாது. தேர்ந்தவரின் விருப்பமாகவே அமையும்.

4. பெயரற்ற பரிகளும் பதவிப் பெயர்களும்

காரியும் ஓரியும் விதிவிலக்குகள். புறநானூற்றில் குதிரை மறம் என்னும் துறையில் அமைந்த பாடல்களில் குதிரைகள் பெயரின்றியே ஓடுகின்றன. பொன்முடியார் பாடிய 299ஆம் பாடல் இரு குதிரைகளை எதிரெதிர் நிறுத்துகிறது. ஒன்று, பருத்தியே வேலியாக அமைந்த சிற்றூரின் தலைவனுடையது. உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்து தளர்ந்த நடை உடையது. மற்றது பெருவேந்தனுடையது; நெய் கலந்த உணவு உண்டு, கத்தரித்து ஒழுங்கு செய்த பிடரியோடு விளங்குவது. போர் வந்தபோது முன்னது கடலைப் பிளக்கும் படகு போலப் பகைப்படையைப் பிளந்து சென்றது. பின்னது கோயிற் கலங்களைத் தொடலாகாத நிலையிலுள்ள மகளிர் போல ஒதுங்கி நின்றது.

பெயரின் ஆற்றலை நம்புவோர்க்கு இப்பாடல் கடினமான சான்றாகும். இங்கு இரண்டுக்கும் பெயர் இல்லை. ஆனால் பெயர் தரக்கூடிய பெருமை அனைத்தும் இரண்டாம் குதிரைக்கு உண்டு. வேந்தனின் லாயம், நெய்யுணவு, ஒப்பனை ஆகியவை பெயரைப் போலவே உரிமையாளன் குதிரையின்மேல் எழுதும் எழுத்துகள். பொன்முடியார் அவ்வெழுத்துகளைப் படித்துக் காட்டிவிட்டுக் களத்தில் குதிரை செய்ததை மட்டுமே கணக்கில் கொள்கிறார். பெருமையும் மறமும் வேறு என்பதே அவர் தீர்ப்பு.

எருமை வெளியனார் பாடிய 273ஆம் பாடல் இன்னொரு கோணத்தைத் தருகிறது. எல்லோருடைய குதிரைகளும் திரும்பின. தன் வீட்டுச் சிறுவனைத் தந்த தலைவன் ஏறிச் சென்ற குதிரை மட்டும் வரவில்லை என்று பெண்ணொருத்தி கலங்குகிறாள். இரு பேராறுகள் கூடுமிடத்தில் நின்ற பெருமரம் போல அது வீழ்ந்ததோ என அவள் அஞ்சுகிறாள். குதிரையை அவள் மா என்றே குறிக்கிறாள். எல்லாக் குதிரைக்கும் உரிய பொதுச்சொல் அது. ஆயினும் கேட்போர் எவர்க்கும் அது எந்தக் குதிரை என்னும் ஐயம் எழுவதில்லை. வராத குதிரையே அவள் குதிரை. தனிப்பெயர் செய்ய வேண்டிய பணியை இங்கே இழப்பு செய்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானவை நிகண்டுகள் தரும் பெயர்கள். சேரன் குதிரை பாடலம், சோழன் குதிரை கோரம், பாண்டியன் குதிரை கனவட்டம் என அவை வகுக்கின்றன. எந்தச் சேரன், எந்தச் சோழன் என்று அவை கூறுவதில்லை. குடியின் பெயரே போதுமானது. ஆதலின் இவை தனிக்குதிரையின் பெயர்கள் என்பதைவிடப் பதவியின் பெயர்கள் எனல் பொருந்தும். அரசன் ஏறும் பரி எதுவாயினும் அது கனவட்டமாகும். அது இறந்தால் அடுத்தது கனவட்டமாகும். இங்குக் குதிரையும் வளர்வதில்லை, பெயரும் வளர்வதில்லை. கொடியையும் மாலையையும் போலப் பெயர் அரசுரிமைச் சின்னமாக நிலைத்திருக்கிறது. பெயர் குதிரையைவிட உடையவனையே மிகுதியாகச் சுட்டும் என்பதற்கு நிகண்டுகள் தரும் சான்று இது.

மக்கள் வழக்கில் வந்த தேசிங்குராசன் கதை இன்னொரு நிலையைக் காட்டுகிறது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட செஞ்சித் தலைவனைப் பற்றிய அக்கதைப்பாடலில், எவரும் ஏற இயலாத தில்லிக் குதிரையை இளம் தேசிங்கு அடக்குகிறான். அதன் பெயர் பாராசாரி. அவன் தோழனான இசுலாமிய வீரனின் குதிரை நீலவேணி. பின்னதன் பொருள் கேட்டவுடன் விளங்கும். முன்னதன் பொருளைக் கேட்போர் ஆராய்வதில்லை. ஆயினும் நெஞ்சில் நிற்பது பாராசாரியே. பொருள் விளங்காத அவ்வோசைக்குத் தேசிங்கு ஏறிய செயல் பொருளாகிறது. இடுகுறியாக வந்த பெயர், கதை முடிவதற்குள் காரணப்பெயரின் வலிமையைப் பெற்றுவிடுகிறது. அக்காரணம் சொல்லில் இல்லை, கதையில் உள்ளது.

5. ரொசினாந்தே: பெயரும் எலும்பும்

குதிரைக்குப் பெயரிடுவதை ஒரு காட்சியாகவே அமைத்த நாவல், தமிழில் டான் குவிக்ஸோட் என அறியப்படும் செர்வாந்தேஸின் படைப்பு. முதற்பகுதி 1605இலும் இரண்டாம் பகுதி 1615இலும் வெளிவந்தன. வீரக்கதைகளைப் படித்து வீரனாகத் துணிந்த கதைத்தலைவன், தன் கிழட்டுக் குதிரைக்குப் பெயர் தேடி நான்கு நாள் சிந்திக்கிறான். அலெக்சாந்தரின் புசெபாலஸும் எல் சித்தின் பாபியேகாவும் அதற்கு ஈடாகா என்பது அவன் எண்ணம். முன்பு அது என்னவாக இருந்தது, இப்போது என்னவாக ஆயிற்று என்னும் இரண்டையும் காட்டும் பெயர் வேண்டும் என அவன் கருதி, ரொசினாந்தே என்று பெயர் சூட்டுகிறான். ரொசின் என்பது இழிந்த சுமைக்குதிரையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். ஆந்தே என்பது முன் எனப் பொருள்படும். முன்னர்ச் சுமைக்குதிரையாக இருந்தது என்றும், சுமைக்குதிரைகளுக்கெல்லாம் முன்னிற்பது என்றும் அப்பெயர் இருபொருள் தருகிறது.

தலைவன் இரண்டாம் பொருளை மட்டுமே கேட்கிறான். வாசகர் முதற்பொருளையும் கேட்கின்றனர். பெயர் சூட்டப்பட்ட பின்னும் குதிரை மாறவில்லை. வணிகரை நோக்கிப் பாயும்போது நடுவழியில் இடறி விழுகிறது. வழியில் மேயும் பெட்டைக் குதிரைகளைக் கண்டு அவற்றிடம் சென்று அடிபடுகிறது. நூலின் தொடக்கத்தில் அமைந்த நகைச்சுவைப் பாடலில் பாபியேகா அதன் மெலிவுக்குக் காரணம் கேட்க, உண்ணாமையே காரணம் என்று ரொசினாந்தே மறுமொழி தருகிறது. பெயரைப் பற்றிய ஆராய்ச்சி அனைத்துக்கும் இவ்விடை போதும். நான்கு நாள் பெயர் தேடியவன் நான்கு வேளை தீனி இட்டிருந்தால் குதிரை சற்றேனும் வளர்ந்திருக்கும்.

ஆயினும் நாவல் இந்நகைப்போடு நின்றுவிடவில்லை. குதிரை வளரவில்லை, ஆனால் பெயர் வளர்ந்தது. தலைவனைச் சுமந்து, அடிபட்டு, விழுந்து, மீண்டும் எழுந்து நடந்த அந்த எலும்புக்கூட்டினால் ரொசினாந்தே என்னும் சொல் புசெபாலஸோடு ஒருங்கெண்ணப்படும் தகுதியைப் பெற்றது. தலைவன் கனவு கண்ட முதன்மை அதற்குக் கிடைத்தது. அவன் எண்ணிய வழியில் கிடைக்கவில்லை. வீரத்தால் பெற வேண்டியதை அது பொறுமையால் பெற்றது.

6. கோல்ஸ்தோமரும் ஃப்ரூ-ஃப்ரூவும்

தல்ஸ்தோய் 1860களில் எழுதத் தொடங்கி 1886இல் வெளியிட்ட கோல்ஸ்தோமர் என்னும் நெடுங்கதையில் முதிய குதிரையொன்று தன் வரலாற்றைப் பிற குதிரைகளுக்கு இரவுதோறும் கூறுகிறது. அதற்கு இரு பெயர்கள். குலமுறை ஏட்டில் அது முதலாம் முழிக். அச்சொல் குடியானவன் எனப் பொருள்படும். மக்கள் இட்ட பெயர் கோல்ஸ்தோமர். துணியை முழமிட்டு அளப்பது போன்ற நீண்ட வீச்சு நடையால் வந்தது. உயர்ந்த குலத்துக் குதிரைக்கு ஏட்டில் எளியவன் பெயர்; நடையைக் கண்ட கூட்டத்தாரிடம் புகழ்ப்பெயர்.

இப்பெயர்களுள் குதிரை எதற்கு வளர்ந்தது? கோல்ஸ்தோமர் என்பதற்கு என்று தோன்றலாம். ஆனால் அப்பெயர் நடையிலிருந்து பிறந்தது, காரியைப் போன்றதே. அதன் வாழ்வைத் தீர்மானித்தவை இரு பெயர்களும் அல்ல. உடலின் வெள்ளைத் திட்டுகளுக்காக அது இகழப்பட்டது, காயடிக்கப்பட்டது, உடையவரின் விருப்பக் குதிரையை ஓட்டத்தில் வென்றதற்காக விற்கப்பட்டது, தன்னை விட்டுச் சென்ற காதலியைத் துரத்திய இளவரசனால் வரம்பு மீறி ஓட்டப்பட்டு நலிந்தது. என்னுடையது என்று மனிதர் சொல்லும் சொல்லின் பொருள் விளங்காமல் அக்குதிரை திகைக்கும் பகுதியே இக்கதையின் நெஞ்சம். தன்மேல் ஏறாதவரும் தனக்குத் தீனி இடாதவரும் தன்னை என்னுடையது என்கின்றனர். பேணியவரோ அவ்வாறு சொல்லவில்லை. பெயரிடல் என்னும் செயலுக்கு அடியில் இருப்பது உடைமை என்பதைத் தமிழ் நிகண்டுகள் இயல்பாகப் பதிவு செய்தன. தல்ஸ்தோய் அதனைக் குற்றச்சாட்டாக மாற்றினார்.

அன்னா கரேனினா நாவலில் விரோன்ஸ்கியின் பந்தயக் குதிரை ஃப்ரூ-ஃப்ரூ. பட்டாடையின் சலசலப்பைக் குறிக்கும் அப்பெயர் 1869இல் மேடையேறிய பிரெஞ்சு நாடகம் ஒன்றின் தலைப்புமாகும். பந்தயத்தில் இறுதித் தடை ஒன்றைத் தாண்டியபின் அக்குதிரை முதுகு முறிந்து வீழ்கிறது, சுட்டுக் கொல்லப்படுகிறது. மெல்லிய பெயர், மெல்லிய உடல், முறிந்த முதுகு என்று அடுக்கி, அன்னாவின் அழிவுக்கு அதனை முன்குறியாகக் கொள்ளும் வாசிப்பு பலராலும் ஏற்கப்பட்டது. அவ்வாசிப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது நாவல் வெளிப்படையாகத் தரும் காரணத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. குதிரை தடையைத் தாண்டிவிட்டது. அதன் இயக்கத்தோடு இயங்கத் தவறித் தகாத நேரத்தில் சேணத்தில் அமர்ந்தவன் விரோன்ஸ்கி. அவன் அசைவே முதுகை முறித்தது. வீழ்ந்த குதிரையை அவன் வயிற்றில் உதைக்கவும் செய்கிறான். பின்னரே தவறு தனது என்று உணர்கிறான்.

அன்னாவின் அழிவுக்கு இக்காட்சி முன்குறி எனில், அதன் பொருளும் இதுவே ஆக வேண்டும்: அவள் ஊழினால் வீழவில்லை, அவளோடு வாழ்ந்தவரின் தவறான அசைவுகளுக்கும் அதில் பங்குண்டு. பெயரை ஊழாகப் படிக்கும் திறனாய்வு, ஏறியவனைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. தல்ஸ்தோய் விடுவிக்கவில்லை.

7. நரியைப் பரியென்றல்

பெயருக்கும் இயல்புக்கும் உள்ள இடைவெளியை எல்லை வரை கொண்டுசென்ற தமிழ்க் கதை, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விரிவாகக் கூறப்படும் நரி பரியான திருவிளையாடல். குதிரை வாங்கக் கொடுத்த பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்ட வாதவூரரைக் காக்க, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரை வணிகனாக மதுரைக்கு வருகிறான். பாண்டியன் மகிழ்ந்து ஏற்கிறான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துத் தின்றுவிட்டு ஓடுகின்றன.

நரி, பரி என்னும் சொற்களிடையே ஓரெழுத்தே வேறுபாடு. சொல்லில் அவ்வளவு எளிதான மாற்றம் உயிரில் ஓர் இரவும் நிலைக்கவில்லை. கடவுளே பரியாக்கினும் நரி பரியாக வளரவில்லை என்பது கதையின் ஒரு பொருள். மற்றொரு பொருள் விற்பனைக் காட்சியில் உள்ளது. வணிகனாக வந்தவன் கயிறு மாற்றிக் கொடுக்கிறான். கயிற்றை ஏற்றபின் குதிரைகளுக்கு வாங்கியவரே பொறுப்பு என்பது அவ்வழக்கின் கருத்து. பெயர் கைமாறும், பொறுப்பும் அதனோடு கைமாறும். மறுநாள் பாண்டியன் செய்வது என்ன? தான் ஏற்ற கயிற்றை மறந்து வாதவூரரைத் தண்டிக்கிறான். பரி என்று தான் நம்பியதன் விளைவை மற்றொருவர்மேல் சுமத்துகிறான். உதைத்த விரோன்ஸ்கிக்கும் ஒறுத்த பாண்டியனுக்கும் இடையே இவ்வகையில் வேறுபாடு சிறிது.

முடிவுரை

இங்கு நோக்கப்பட்ட குதிரைகளுள் ஒன்றேனும் தன் பெயருக்கேற்ப வளரவில்லை. காரி, ஓரி, கோல்ஸ்தோமர் ஆகியவற்றில் குதிரையின் உடலும் நடையும் பெயரை ஈன்றன. எக்லிப்ஸ், பாராசாரி ஆகியவற்றில் செயல்கள் பெயருக்குப் பொருள் ஊட்டின. பாடலமும் கோரமும் கனவட்டமும் அரச குடிகளைச் சுட்டி நின்றன. ரொசினாந்தேயில் பெயர் குதிரைக்கு எட்டாத உயரத்தில் நின்று, பின்னர் அக்குதிரையின் துன்பத்தால் புதுப்பொருள் பெற்றது. புறநானூற்றின் பரிகளுக்குப் பெயரே தேவைப்படவில்லை.

இதிலிருந்து திறனாய்வுக்குக் கிடைக்கும் நெறி ஒன்று உண்டு. பெயரின் பொருளை அறிதல் வேண்டற்பாலதே. ஆனால் அப்பொருளை ஊழாகக் கொண்டு முடித்துவிடலாகாது. பெயரைக் கண்டவிடத்து இட்டவர் யார், எதை விரும்பி இட்டார், இட்டபின் அவ்வுயிருக்கு என்ன செய்தார் என்று தொடர்ந்து கேட்க வேண்டும். பெயரின் பொருளை அகராதி தரும். பின்னிரண்டு கேள்விகளுக்குப் பனுவலே விடை தரும்.

பெயருக்கு வளர்தல் என்னும் நம்பிக்கையில் ஓர் அன்பும் உண்டு. குட்டிக்குப் பெயரிடுவோர் அது நன்றாக வளர வேண்டும் என்றே விரும்புகின்றனர். அவ்விருப்பம் தவறன்று. ஆனால் பெயர் தீனியாகாது. சேணத்தில் அமரும் முறையையும் கற்பிக்காது. குதிரை நன்கு ஓடினால் பெயர் ஒளி பெறும். இடறி வீழ்ந்தால் நோக்க வேண்டியது பெயரையன்று, கடிவாளம் பிடித்த கையையே.